ராஜம்மா ஆன்டியின் ஆறாவது பாரம்

அண்ணே,

கிள்ளான் தொகுதிச் சேவை மையத்தில் உங்கள் மேசை இழுப்பறையை இன்று காலி செய்தேன். உள்ளே துருப்பிடித்த பூட்ஸ் பாலிஷ் டப்பா ஒன்று. திறந்ததும் அறை முழுக்க உங்கள் வாசனை. நீங்கள் இறந்துபோய் ஒன்பது மாதமாகிறது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர், புது வைபி, வேறு மேசை போடச் சொல்லிவிட்டார். அழக்கூட எனக்குத் தெம்பில்லை.

வடக்கு எல்லையில் பதினெட்டு வருடம் துப்பாக்கியோடு நின்றவர் நீங்கள். சட்டமன்றத்துக்குப் போய், மாநில ஆட்சிக்குழுவில் இடம்பிடித்த பிறகும் காலணியை நீங்களேதான் துடைப்பீர்கள். மாநிலத் தலைநகர் ஷா ஆலாமில் பெரிய அறை இருந்தும் செவ்வாய்க்கிழமை தவறாமல் இங்கே வந்து உட்காருவீர்கள். இந்நாட்டிலேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாளக் கார்டோடு அலைகிறவர்கள் அன்றுதான் வருவார்கள்.

பந்திங்கிலிருந்து பஸ் ஏறி வரும் ராஜம்மா ஆன்டியை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. நான்கு முறை மனு போட்டு நான்கும் திரும்பி வந்தன. ஒவ்வொரு முறையும் நீங்கள் சிரித்த முகமாய்ப் புது விண்ணப்பப் பாரத்தை நீட்டுவீர்கள். உதவியாளராகப் பக்கத்தில் இருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிடைக்காது என்று தெரிந்தும் ஏன் இந்த வீண் ஆசை?

ஒருநாள் சாயங்காலம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கூட்டம் முடிந்து திரும்பும்போது நெரிசலில் மாட்டிக்கொண்டோம். கேட்காமலே சொன்னீர்கள். "எல்லையில ஒரு பொண்ணும்மா. இந்தப் பக்கம்தான் பொறந்தேன்னு தமிழ்ல அழுதுச்சு. கையில பேப்பர் இல்ல. ஆர்டர்படி திருப்பி அனுப்பிட்டேன். அது பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும்." அன்றிலிருந்து உங்களிடம் கோபத்தைக் காட்டாமல் இருந்தேன், அவ்வளவுதான். கோபம் போகவில்லை.

போன செவ்வாய் ராஜம்மா ஆன்டி ஐந்தாவது நிராகரிப்புக் கடிதத்தோடு வந்தார். நீங்கள் சொல்லாததை நானாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இனிமேல் கஷ்டம்லா ஆன்டி, அண்ணன் உங்களுக்குச் சும்மா ஆசை காட்டிவிட்டார் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு எங்க ஆசை காட்டினாரு? ரெண்டாவது தடவையே, கிடைக்காது போலன்னு சொல்லிட்டாரு. எல்லையில திருப்பி அனுப்பின பொண்ணப் பத்தியும் சொன்னாரு. நானும் வராம போயிட்டா மனுசன் ஒடஞ்சி போயிருவாரு. அதான் வந்துக்கிட்டு இருந்தேன்."

அண்ணன்தான் இப்போது இல்லையே, பிறகு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ இருக்கியே," என்றார். "தனியா உக்காந்துக்கிட்டு."

ஆறாவது பாரத்தை எடுத்து அவர் பெயரை எழுதினேன். வேலையை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், அண்ணே. செவ்வாய்க்கிழமை அவர் வருவாரே, என்ன செய்வது?