முன்னணையில் ஒரு பொம்மை

டிசம்பர் 14, ஞாயிறு

வயிறு எரியுது. சிப்காட்ல ஷிஃப்ட் மாத்தி வாங்கிக்கினு ஒத்திகைக்குப் போனதுக்கு இதுதான் மிச்சம்.

எங்க சபை கிறிஸ்துமஸ் நாடகத்துல, அந்த வருஷம் கடைசியாப் பொறந்த கொழந்தையைத்தான் முன்னணையில, அந்த வைக்கோல் போட்ட மாட்டுத் தொட்டியில, இயேசுவாப் படுக்க வெப்பாங்க. இந்த வருஷம் அது என் தங்கச்சி ஸ்டெல்லாவோட புள்ள. அவளுக்குக் கல்யாணம் ஆகல.

காலைல பாஸ்டர் ஒரு மணி நேரம் பிரசங்கம். இயேசு கன்னிகிட்ட பொறந்தாருன்னு நம்பாதவன் கிறிஸ்தவனே இல்லையாம். எல்லாரும் ஆமென் சொன்னாங்க. ஆராதனை முடிஞ்சி ஒத்திகை ஆரம்பிச்சதும், கமிட்டி செக்ரட்டரி ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொண்டாந்து முன்னணையில வெச்சாரு.

"இன்னா சார், கொழந்த இருக்கும்போது பொம்மை எதுக்கு?"ன்னேன்.

"அப்பன் பேரு சொல்ல முடியாத கொழந்தைப்பா. நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

அந்த நாலு பேரு நாசரேத்துலயும் இருந்திருப்பானுங்க. மரியாளையும் இதையேதான் கேட்டிருப்பானுங்க. வானத்துலேர்ந்து தூதன் வந்து சாட்சி சொன்னாத்தான் ஒரு பொண்ணை உள்ள சேப்பானுங்களா?

ஸ்டெல்லா கடைசி பெஞ்சுல புள்ளையை மடியில வெச்சிக்கினு எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தா.

அஞ்சு வருஷமா, மரியாளைக் கட்டிக்கிற யோசேப்பு வேஷம் எனக்குத்தான். "மரியாளே, பயப்படாதே, நான் உன்னைக் கைவிட மாட்டேன்"னு வசனம். இன்னிக்கு அதை ஸ்டெல்லா பக்கம் திரும்பாம, பொம்மையைப் பாத்துக்கினே சொன்னேன்.

அவ வயித்துல புள்ளன்னு தெரிஞ்ச அன்னிக்கு, அவளை அடிச்சி, ஊத்துக்கோட்டை சித்தி ஊட்டுக்கு பஸ் ஏத்தி வுட்டவன் நான்தான்.