கல்யாண நெட்டுக்குக் கீழே இருந்த தலைப்பிரட்டைகள்

என் பிரியமான பாக்கியம் மைனிக்கு,

நம் வீட்டுப் பின்முற்றத்தில் வளர்ந்துகொண்டிருந்த தலைப்பிரட்டைகளைக் கொன்றுவிட்டார்கள். கொசு ஒழிக்க வந்தவர்கள், ஒரு கொசுப்புழுகூட இல்லாத நம் தொட்டிகளைச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்து, மேலே பிளீச்சிங் பவுடரையும் தூவிவிட்டுப் போய்விட்டார்கள். கொசு உண்மையிலேயே பெருகிக் கிடக்கிற தொட்டி இதே தெருவின் முனையில் இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. இதைச் சொல்லாமல் நலம் விசாரித்துக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, இனி வீட்டுச் சங்கதி. உங்கள் வீட்டுக்காரர், அதாவது என் அண்ணன், நன்றாக இருக்கிறார். காது இன்னும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நான் எப்போதும்போல் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நீங்கள் போனது போன வருஷம் இதே மழைக்காலத்தில். காய்ச்சல் என்று படுத்தீர்கள், டெங்கு என்றார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நீங்கள் இல்லாமல் திரும்பி வந்தோம். அடக்கம் முடிந்த மறுநாள் தெரு முழுக்கக் கொசுப் புகை அடித்தார்கள். இருமிக்கொண்டே நான் ஜன்னலைச் சாத்தினேன். அந்தப் புகைதான் அவர்கள் உங்களுக்குச் செய்த மரியாதை. அதற்குப் பிறகு ஒரு வருஷமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் தலைப்பிரட்டை வளர்க்கிற எண்ணமே எனக்கு இல்லை, மைனி. அது உங்கள் கிறுக்கு. நான் கூட நின்றவள், அவ்வளவுதான். ஆனால் மழை விட்டு வெயில் அடித்தது. பக்கத்துக் காலி மனையில் தேங்கிய தண்ணீர் ஓரத்திலிருந்து வற்றத் தொடங்கியது. மாடிப்படியில் நின்று பார்த்தேன். கறுப்புக் கறுப்பாக, ஒன்றின்மேல் ஒன்றாக, மிச்சமிருந்த தண்ணீரில் நெளிந்துகொண்டிருந்தன. நீங்கள் இருந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பீர்களா? கஞ்சிக் கரண்டியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அண்ணன் வாசலில் நின்று சிரித்தார்.

“ஏட்டி ஜெபமணி, அவ போனா. அவ தவக்களைய நீ புடிச்சுக்கிட்டியாக்கும்?”

“ஆமா. ஒங்கள வளக்கதவிட இது லேசு.”

நாம் முதன்முதலில் வளர்த்தது நினைவிருக்கிறதா? குழாயைத் திறந்து நேராகத் தொட்டியில் பிடித்தோம். தாமிரபரணித் தண்ணீராயிற்றே, இந்த ஊரில் அதை யார் சந்தேகப்படுவார்கள்? “ஆத்துத் தண்ணிக்கு என்ன குத்தம்” என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் தலையாட்டினேன். விடிந்து பார்த்தால் எல்லாம் வயிறு மேலே தெரியக் கிடந்தன. ஆற்றுக்குக் குற்றமில்லை, ஆற்றோடு கலந்து வருகிற குளோரினுக்குத்தான் குற்றம் என்று அப்போதுதான் நமக்குப் புரிந்தது. வெளியூர்க்காரர்கள் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். தண்ணீரின்மேல் அவ்வளவு பெருமை அவர்களுக்குக் கிடையாது.

இந்த முறை நீங்கள் வகுத்த வழியை விட்டு நான் இம்மியும் விலகவில்லை. மனையில் இருந்த தண்ணீரையே பாதி ஊற்றினேன். மீதிக்குக் குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற அண்டாவில் பிடித்து, வாடை போகும்வரை திறந்து வைத்து எடுத்தேன். அரைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, ஆறவிட்டு, கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். தின்னாமல் மிஞ்சியதை அன்றன்றே எடுத்தேன். கூட்டம் அதிகமாகாமல் இரண்டு தொட்டியில் பிரித்து வைத்தேன். தொட்டியில் பாதி வெயிலும் பாதி கொய்யா நிழலும் விழுகிற இடம் நீங்கள் பார்த்து வைத்த இடம்தான்.

இரண்டையும் சேர்த்து மேலே மூடுவதற்கு உங்கள் கல்யாண நெட்டை எடுத்தேன். வேதக் கோவிலில் உங்கள் தலையில் முக்காடாக இருந்ததே, அந்த வெள்ளை நெட். முதன்முதலில் நீங்கள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தொட்டிமேல் கட்டிய அன்று நான் பதறினேன். “பெட்டியில இருந்தா பூச்சி அரிக்கும். இங்கன இருந்தா கொசு முட்ட போடாது” என்று சொல்லிவிட்டு ஓரத்தை இழுத்துக் கட்டினீர்கள். அத்தனை வருஷமும் அந்த நெட்டைத் தாண்டி ஒரு கொசு உள்ளே போனதில்லை. தலைப்பிரட்டை கொசுப்புழுவையெல்லாம் தின்று தீர்த்துவிடும் என்று நான் யாரிடமும் அளக்கவில்லை. நெட் இருந்தது. அதனால் புழு இல்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

பின்னங்கால் முளைத்தது. பிறகு சில குஞ்சுகளுக்கு முன்னங்காலும் வந்தது. இனி அவை தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று நீங்கள் சொன்னபடி, பழைய ஓட்டுத்துண்டைச் சரிவாக வைத்துக் கரை கட்டிக் கொடுத்தேன். ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, வால் இன்னும் தொங்கிக்கொண்டிருக்க, பெரிய மனுஷத்தனமாகப் பார்த்தன. இந்த நேரத்தில் அவை ஒன்றும் தின்னாது, வாலே உள்ளே கரைந்து சாப்பாடாகும் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பியிருக்கிறேனா? இந்த முறை என் கண்ணால் பார்த்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?

அவர்கள் வந்த அன்று காலையில் நான் கீரை வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் பின்முற்றம் வெள்ளையாக இருந்தது. பவுடர் நெடி. தொட்டி இரண்டும் குப்புறக் கிடந்தன. துவைக்கல் ஓரம் வரைக்கும் கறுப்புப் பொட்டுகளாக அவை ஒட்டிக் கிடந்தன. சிலது இன்னும் வாலை அசைத்துக்கொண்டிருந்தன, மைனி. பவுடர் பட்ட பிறகு வாரி எடுத்தும் பிழைக்கவில்லை. நெட்டின் ஒரு முனை கிழிந்து கொய்யாக் கிளையில் தொங்கியது.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காப்பி குடித்த டம்ளர்கள்.

“யாரு வந்தா?”

“கொசு மருந்துக்காரப் பிள்ளைய வந்தாவ. தண்ணி தேங்கி நிக்க சாமான் இருக்கா அண்ணாச்சின்னு கேட்டாவ. சபை மூப்பன் நான், பொய் சொல்லவா முடியும்? பொறத்தால ரெண்டு தொட்டி இருக்குன்னேன்.”

“அதுல என்ன கெடக்குன்னு சொன்னியளா?”

“சொல்லுததுக்குள்ள கவுத்திட்டான்.”

“அதுக்குக் காப்பி வேறயா?”

“காப்பி அதுக்கு முன்னாலயே குடுத்துட்டேன்ட்டி.”

அவர்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் பெரிய கோபம் அவர்மேல் இல்லை. கையில் டார்ச் விளக்கு வைத்துக்கொண்டு வந்தவர்கள் அதை அடித்துப் பார்க்கவில்லையே. நெட்டை ஏன் கட்டியிருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கேட்பதற்கு என்ன செலவு?

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு வந்தேன். அவர்களுடைய மேற்பார்வையாளர், நம் பேத்தி வயதிருக்கும், வேப்ப மரத்தடியில் நின்றிருந்தாள். சொன்னேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள்.

“ஆச்சி, அடுத்த தெருவுல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். தண்ணி எங்கன நின்னாலும் கொட்டணும்னு உத்தரவு. நாங்க என்ன செய்ய?”

“கொட்டுங்க. நான் வேண்டாங்கல. எங்க வீட்டுலயே ஒரு உசுரு போயிருக்கு. அப்ப அந்த மூலையில கெடக்க சிமெண்டுத் தொட்டிய ஏன் கொட்டல?”

தெருமுனையில் பாதி கட்டி நின்றுபோன வீடு. நம் தெரு நலச் சங்கத்தின் செயலாளருடையது. கட்டட வேலைக்குக் கட்டிய தொட்டி, மேலே மூடி கிடையாது, மழைத் தண்ணீர் கண்ணாடிபோல நிற்கிறது. டெங்குக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இந்த மாதிரி நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று இவர்கள் ஒட்டிய நோட்டீசிலேயே போட்டிருக்கிறது. போன வருஷம் நீங்கள் படுக்கும் முன்னமே அது அப்படித்தான் நின்றது. உங்களைக் கடித்த கொசு அதிலிருந்துதான் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வரவில்லை என்று அவர்கள் சத்தியம் செய்வார்களா?

“அங்கன நாய் கட்டியிருக்கு ஆச்சி. போன தடவ எங்க ஆள ஒருத்தர கடிக்கப் பாத்துச்சு.”

“நாய் கொசுவையும் உள்ள விடாம பாத்துக்கிடுதோ?”

மருந்து டப்பாவோடு நின்ற ஆள் சிரித்துவிட்டான். அவள் அவனை முறைத்தாள்.

நானே போனேன். உங்களுக்கு அந்த நாயைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன் தலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டுபோய் அதற்குப் போடுவீர்களே, அதே நாய். என்னைக் கண்டதும் குரைக்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு சேலையை முகர்ந்தது. உங்களைத் தேடியதோ என்னவோ. தொட்டியில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து அந்தப் பெண் கையில் கொடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே புழுக்கள் சுருண்டு சுருண்டு மேலே வந்து மூச்சு வாங்கின.

சத்தம் கேட்டு, எதிரே தான் குடியிருக்கிற வீட்டிலிருந்து செயலாளர் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சுருக்கம்.

“எக்கா, அது வீடு கட்டுத தண்ணி. சிமெண்டுக்கு ஈரம் வேணும்லா.”

“வேல நின்னு வருஷம் ஆச்சு. இன்னும் எந்தச் சிமெண்டய்யா நனையுது?”

“ஒரு தவக்களைக்குப் போயா இந்தப் பேச்சு பேசுதிய? இந்த வயசுல?”

“தவக்களைக்கு மட்டுமில்ல. எங்க மைனிக்கும் சேத்துத்தான்.”

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். “நாளைக்கு ஆள் விடுதேன் ஆச்சி” என்று அந்தப் பெண் சொன்னாள். அந்த நாளை இன்னும் வரவில்லை. தொட்டி இன்றைக்கும் திறந்துதான் கிடக்கிறது.

மறுநாள் காலையில் அண்ணனைக் காணோம். பின்பக்கம் போய்ப் பார்த்தால், முழங்காலை மடக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மனிதர் துவைக்கல் பக்கத்தில் மண்டியிட்டுக் கிடக்கிறார்.

“ஏட்டி, பைய வா. மிதிச்சிராத.”

கல்லுக்கு அடியில், பவுடர் எட்டாத ஈரத்தில், நாலு காலும் வந்த குஞ்சுகள் கொஞ்சம் ஒண்டியிருந்தன. ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தவை. நீங்கள் வைக்கச் சொன்ன அந்த ஓடு இல்லாவிட்டால் அவையும் இல்லை. அண்ணன் ஈரக் கையைக் குவித்துப் பிடிக்க, ஒவ்வொன்றாக ஏறின. அப்புறம் அவர் தலையைத் தூக்கிக் கொய்யாக் கிளையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இது அவ நெட்டுல்லா?”

இத்தனை வருஷமாக அது ஏதோ கந்தல் கொசுவலை என்று நினைத்திருக்கிறார். நான் ஆமாம் என்றேன். அன்று அவர் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கோர்த்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தையல் கோணல்மாணலாகத்தான் இருக்கிறது. ஆனால் கொசு போகாது. நான் விரலை விட்டுப் பார்த்தேன்.

பிழைத்த குஞ்சுகள் இப்போது பெரிய கண்ணாடி ஜாடியில் இருக்கின்றன. அடியில் ஈர மண், ஒரு தேங்காய்ச் சிரட்டை, மேலே துணி. வால் மறைந்துவிட்டது. கனிந்த வாழைப்பழத் தோலை உள்ளே போட்டால் சின்ன ஈ மொய்க்கிறது, அதை நாக்கை நீட்டிப் பிடிக்கின்றன. ஒன்றுகூடச் சோர்ந்து கிடக்கவில்லை. அடுத்த மழை பெய்ததும் அவற்றை எடுத்த அதே மனையில், புல் ஓரத்தில், பொழுது சாயும்போது கொண்டுபோய் விடுவோம்.

இந்தக் கடிதத்தைத் தெருவில் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆகையால் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் உங்கள் முன்னால் வைத்தே சொல்லிவிடுகிறேன்.

செயலாளர் தன் தொட்டியை வற்றவைத்து உடைக்க வேண்டும், அல்லது காற்றுப் புகாத மூடி போட வேண்டும். சங்கத்துக்காரர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் தொட்டியைப் பார்க்க வேண்டும். அந்த மேற்பார்வையாளர் பெண் சொன்ன ஆளை விட வேண்டும். நாய்க்குப் பயமென்றால் என்னைக் கூப்பிடட்டும், நான் வந்து பிடித்துக்கொள்கிறேன். மருந்து டப்பா தூக்கி வருகிறவர்கள் எந்த வீட்டிலும் முதலில் டார்ச்சை அடித்துப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்டு, பிறகு கை வைக்க வேண்டும். புழு இருந்தால் கொட்டட்டும், நானே கூட நின்று கொட்டுவேன். அண்ணன் இனி காப்பி கொடுக்கும் முன் அந்த நெட்டைத் தானே தூக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஒத்துக்கொண்டிருக்கிறார்.

நான் செய்வது இது. தினமும் காலையில் அந்தத் தொட்டியில் ஒரு பாட்டில் மொண்டு செயலாளர் வீட்டு வாசற்படியில் கொண்டுபோய் வைக்கிறேன். பாட்டிலில் புழு இல்லாத நாள் வரும்வரை வைப்பேன். உங்கள் நெட் அடுத்த மழைக்குத் தொட்டிமேல் இருக்கும். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நாய்க்கு மீன் தலையை இப்போது நான் போடுகிறேன்.

அடங்காத உங்கள் நாத்தனார்,
ஜெபமணி