கேட்காமல் சாவி செய்த ஸ்கிரிப்ட்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடிக்க எழுந்து போகிறேன், அங்கே போனால் பாட்டில் நிறைந்தே இருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எங்கள் நிறுவனம் எண்ணெய்ப்பனை ஆலைகளில் லாரியை எடைபோடும் எடைப்பாலங்களுக்கு மென்பொருள் செய்கிறது. புதுப் பதிப்பை எங்கள் டிஜிட்டல் சாவியால் கையெழுத்திட்டு அனுப்புவோம். ஆலைக் கணினி அந்தக் கையெழுத்தைச் சரிபார்த்துத்தான் உள்ளே விடும். சாவியைக் கவனிக்கும் ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல், எனக்கு மேலே இருக்கும் சுகுமாறன் அண்ணன் எழுதியது. நேற்று அவர் விடுப்பு. அந்த வேலை முதல்முறையாக என்னிடம் வந்தது. தெரியாத கட்டளையை இந்தத் தொழிலில் எல்லாரும் எப்படித் தொடுவார்கள்? கட்டளையின் பெயரைத் தட்டி, பக்கத்தில் --help. என்னென்ன செய்யலாம் என்று அதுவே சொல்லும்.

இது சொல்லவில்லை. செய்துவிட்டது. --help என்பதை யாரோ ஒருவரின் பெயராக எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் ஒரு புதுச் சாவி செய்து, பழைய சாவி இருந்த இடத்தில் வைத்துவிட்டது. திரையில் வெறும் ‘முடிந்தது’. உதவிப் பக்கம் எழுத மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, முன்பு அவர் தட்டியிருந்த கட்டளையைப் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பினேன். கோத்தா திங்கி பக்கத்து ஆலை இன்று காலை அதை ஏற்காமல் பாதியில் நின்றுவிட்டது. பழ லாரிகள் ரோடு வரைக்கும் வரிசையாம். டிரைவர்கள் என்னை என்னவெல்லாம் திட்டியிருப்பார்கள்.

மார்ச் 5, புதன்

அலமாரியில் பூட்டி வைத்திருந்த நகலை எடுத்து, சுகுமாறன் அண்ணன் பழைய சாவியைத் திரும்ப வைத்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. எல்லாரும் பார்க்க என்னிடம் சொன்னது மட்டும் இன்னும் காதில் நிற்கிறது.

“பத்து வருஷமா ஓடுது இது. யாருக்கும் ஒன்னும் ஆகல. தெரியலன்னா எனக்குப் போன் அடிச்சிருக்கலாம்லா?”

அடிச்சிருக்கலாம். ஆனா ஹெல்ப்னு கேட்டவளுக்கா இது? கதவத் தட்டினா பூட்டையே மாத்திப்புட்டு, ஏன் தட்டினன்னு கேக்குறாங்க!

பாஸ் சுப்ஹான் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. மாதக் கடைசியில் என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. சுகுமாறன் சரி என்றால் வேலை நிரந்தரம் என்று மட்டும் சொன்னார். இல்லையென்றால் மறுபடியும் சிங்கப்பூர், மறுபடியும் விடியுமுன் எல்லைப் பாலத்தில் பஸ் வரிசை. மூன்று வருடம் நின்றாகிவிட்டது. இனி என்னால் முடியாது.

மார்ச் 7, வெள்ளி

ஸ்கிரிப்டைப் படித்துவிட்டேன். முதலில் வரும் சொல் பெயர், இரண்டாவது வருவது செயல். இரண்டாவது சொல் இல்லாவிட்டால்? புதுச் சாவி செய்! ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அழிக்கட்டுமா என்று ஒரு கேள்வி கிடையாது. அவர் ஒருவரே தட்டுவதற்கு எழுதிய ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். பத்து வருடமாக ஒன்றும் ஆகாததில் என்ன அதிசயம்?

மார்ச் 10, திங்கள்

திருத்தலாமா என்று கேட்டேன். சுகுமாறன் அண்ணன் சிரித்தார். சாவி விளையாட்டுச் சாமான் இல்லை, தெரிந்தவர்கள் மட்டும் தொட வேண்டும் என்றார். சுப்ஹான் பாஸ் நோன்பு வெறும் வயிற்றோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செய்யச் சொன்னார். தினமும் தானாக ஓடும் வேலை இதைப் பழைய முறையில்தான் கூப்பிடுகிறது, அது உடைந்தால் பொறுப்பு நான். இன்னொரு முறை லாரி நின்றால் என் கதை முடிந்தது.

மார்ச் 13, வியாழன்

சாப்பிட்டியா என்றுதான் அம்மா கேட்டார். எரிந்து விழுந்தேன். ச்சே.

மார்ச் 17, திங்கள்

எழுதி முடித்தேன். இனி செயலைத் தெளிவாகச் சொன்னால்தான் எதுவும் நடக்கும். சொல்லாவிட்டால் நின்றுவிடும். புரியாத சொல் வந்தாலும் நின்றுவிடும். இருக்கும் சாவியை அழிக்க வேண்டுமானால் அதைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். பெயரும் செயலும் சேர்ந்து வந்தால் மட்டும் பழைய முறை ஓடும். --help தட்டினால் உதவி வரும், வேறொன்றும் வராது.

சுகுமாறன் அண்ணன் பார்வைக்கு அனுப்பிவிட்டேன். அண்ணனிடமிருந்து பதில் இல்லை.

மார்ச் 20, வியாழன்

இன்றும் இல்லை. மழை விடவேயில்லை, வீட்டிலிருந்து வேலை. கணினி டிங் என்றதும் ஓடினேன். சிங்கப்பூரில் பழைய கம்பெனிக்காரர்கள். ஏப்ரல் முதல் வாரம் நேர்காணலுக்கு வரமுடியுமா என்று கேட்கிறார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. வருகிறேன் என்று எழுதிவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

பாஸ் பொறுமையிழந்து புது ஸ்கிரிப்டை ஏற்றச் சொல்லிவிட்டார். பெருநாள் விடுமுறைக்கு முன் அனுப்ப வேண்டிய பதிப்புக்கு சுகுமாறன் அண்ணன் கையெழுத்திட உட்கார்ந்தார். நானே போட்டுக்கொள்கிறேன் என்று பிடிவாதம். பாஸ் கூப்பிட, பெரிய ஆலை கூப்பிட, இரண்டு போனுக்கும் நடுவே தட்டிக்கொண்டிருந்தார்.

“அலமாக்.”

ஐயோ என்பதுபோல மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெயரைத் தட்டி, செயலைத் தட்டுமுன் என்டரை அழுத்தியிருக்கிறார். திரையில் நான் எழுதிய வரி: ‘என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. எதையும் மாற்றவில்லை.’

பழைய ஸ்கிரிப்டாக இருந்தால் இந்நேரம் சாவி போயிருக்கும். அவருக்கும் தெரியும். எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

என் வேலை பற்றி அண்ணனிடமிருந்து இன்னும் முடிவு வரவில்லை. சரி என்றும் இல்லை, சரியில்லை என்றும் இல்லை. இதற்குப் பதில் திட்டிவிடலாம்.

மார்ச் 28, வெள்ளி

காலையில் சுகுமாறன் அண்ணன் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். உதவிப் பக்கத்தில் ஒரு குறை இருக்கிறதாம்.

“ஹெல்ப் தட்டிப் பாத்தேம்மா. சாவி காலாவதியானா எப்படி நீட்டிக்கிறதுன்னு அதுல காணோம். ஒரு வரி சேத்துருங்க. அடுத்த மார்ச்சுல நீட்டிக்கணும், அப்ப நீங்கதான செய்யப் போறீங்க.”

சேர்த்தேன். பிறகு சிங்கப்பூருக்கு, நேர்காணலுக்கு வரவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன்.

பாட்டிலில் தண்ணீர் தீர்ந்தது மதியம்தான் தெரிந்தது.