சாலித்ரே வீட்டை விற்ற விவரம்

சாலித்ரே,
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நோயேலியாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. நீயும் எரிக் மாப்பிள்ளையும் அந்தத் துலூத் ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டதா என்று எழுது. இங்கே வெயிலில் இப்போதே காரின் கதவைக் கையால் தொட முடியவில்லை.

போன கடிதத்தில் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய், வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வருகிறீர்களா இல்லையா, நேராகச் சொல்லுங்கள் என்று. நான் வழக்கம்போல விலை நிலவரத்தை எழுதி அனுப்பினேன். அம்மா இறந்த பிறகு உனக்கு நான் எழுதியதெல்லாம் நிலவரம்தான், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் சந்தை மந்தம் என்று பதில் சொல்வேன், நீயும் பொறுமையாகப் படித்திருக்கிறாய். ஒளிக்க வேண்டும் என்று இல்லை கண்ணு, எழுத உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போய் நம்முடையது மாதிரியே இருக்காதே, அப்படி. கடித்தாலும் தெரியாது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், திருப்பலிக்குப் போகிறேன், என் பழைய கூட்டாளி செவேரோவோடு சீட்டு ஆடுகிறேன், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான்.

அந்த நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது புரியாது. வருஷா வருஷம் கண்காட்சித் திடல் மண்டபத்தில் மாவட்டத்தின் எதிர்காலம் என்று காலை விருந்து வைப்பார்களே, இந்த வருஷமும் நடந்தது. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த நிபுணர் திரையில் வீட்டு விலைக்குக் கோடு போட்டுக் காட்டினார். போன வருஷம் உப்பு ஏரிக்கு அடியில் லித்தியம் இருக்கிறது என்று அந்தக் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது, வெளியூர்க்காரர்கள் கோழிக்கூண்டைக்கூட விலை கேட்டார்கள். இந்த வருஷம் அது படுத்துக் கிடக்கிறது. துளை போட வந்த கம்பெனி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, தண்ணீரை நகரத்துக்குக் கொடுப்பதற்காக வயல்களைத் தரிசு போட்டதால் கீரை கட்டும் கொட்டகையும் மூடியாயிற்று. நம் தெருவில் மட்டும் விற்பனைப் பலகைகள் வேலி போட்ட மாதிரி நிற்கின்றன. செவேரோ முட்டையைத் தின்றுகொண்டே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "நம்ம ஊருக்குப் பெரிய எதிர்காலம் இருக்குன்னு எங்கப்பன் காலத்துலயே சொன்னாங்கய்யா, இன்னும் புத்தம் புதுசா அப்படியே இருக்கு, ஒருத்தனும் தொடல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் வாயைத் திறந்து சிரித்தேன்.

இனி வீட்டு விஷயம். உன் ஞானத்தாய் சாயோதான் விற்பனையைப் பார்க்கிறாள் என்று உனக்குத் தெரியும், உனக்கு ஞானத்தாய் ஆன நாளிலிருந்து நான் அவளுக்குக் கொம்பாத்ரே. அவளுக்கு ஒரு முறை உண்டு, ஆள் வருவதற்கு முன்பே போய்க் கூலரைப் போட்டு வீட்டைக் குளிர வைத்துவிடுவாள். "கொம்பாத்ரே, இது கூலர்தான், ஏசி இல்லைன்னு நீயா வாயத் தொறக்காத. முதல்ல உள்ள வந்து ஜில்லுன்னு நிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்" என்பாள். கடற்கரைக்காரர்கள் கூலர் ஓடும்போது திறந்து வைக்க வேண்டிய ஜன்னலைச் சாத்திவிட்டு, வீடே ஈரத்தில் ஊறிப் போகிறது என்று புகார் சொல்கிறவர்கள் ஆயிற்றே. போன செவ்வாய்க்கிழமை ஒரு தம்பதி வருவதாக ஏற்பாடு. அதனால் காலையிலேயே ஏணி போட்டுக் கூலர் இருக்கும் கூரைக்கு ஏறினேன், குளிர்காலத்துக்குக் கட்டிய தார்ப்பாயை அவிழ்த்தேன், பழைய மரச்சீவல் தட்டிகளை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன், விசிறி பெல்ட்டைத் தட்டிப் பார்த்தேன், எல்லாம் கை தானாகச் செய்தது. உனக்குத்தான் தெரியுமே, இங்கே எல்லா வீட்டிலும் அது இரண்டு பேர் வேலை. ஒருவர் மேலே நின்று நாலு தட்டியும் நனைகிறதா என்று பார்க்க வேண்டும், ஒருவர் கீழே பின்சுவர் வால்வைத் திருக வேண்டும், நம் வீட்டில் கீழே நிற்பது எப்போதும் உன் அம்மா. வேலை முடிந்ததும் நான் குனிந்தபடியே, "ஒஃபேலியா, தண்ணிய விடு" என்று கத்தினேன்.

தண்ணீர் வந்தது.

கண்ணு, தண்ணீர் வந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அதுதான் மோசம். வழக்கம்போல, "போதும் போதும், கொஞ்சம் குறை" என்றேன், கீழே குறைந்தது. அப்புறம்தான் வேறு ஒரு பெண் குரல், "இப்ப சரியா இருக்குங்களா?" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் அந்தத் தம்பதி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து கொல்லையில் நிற்கிறார்கள். மெரிடித் என்று அந்தப் பெண்ணுக்குப் பெயர், மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்க வந்திருக்கிறாள். மேலே ஒரு கிழவன் தண்ணீர் கேட்கிறான், பக்கத்தில் வால்வு இருக்கிறது, திருகிவிட்டாள், அவ்வளவுதான், அவள் மேல் என்ன தப்பு. "ஒஃபேலியான்னு கூப்பிட்டீங்க, அவங்க உள்ள இருக்காங்களா?" என்று கேட்டாள். நான் கூலருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். வலித்தது நோயேலியா. உன் அம்மாவைப் புதைத்த அன்று வலிக்காதது அன்றைக்கு அந்தச் சூடான தகரத்தின் மேல் வலித்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி அழுதேன். சாயோ ஏணியில் பாதி ஏறி வந்து என் செருப்பைப் பிடித்துக்கொண்டே நின்றாள், அவளும் அழுதாள். மதியத்துக்குள் மறுபடி மரத்துப் போய்விட்டது. ஆனால் மரத்துப்போன இடம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அவர்கள் கேட்ட விலை போன வருஷத்து விலை இல்லை. சாயோ என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், "நீ வீடு விக்கிறியா, தர்மம் பண்றியா? இலையுதிர் காலம் வரைக்கும் பொறு, கம்பெனி திரும்பி வந்தா நீ கேக்கறத குடுப்பான்" என்று திட்டினாள். இனிக் கீழே திருக ஆள் இல்லை என்று நான் சொன்னதற்குச் செவேரோவோ, "அட, இறங்கி வந்து நீயே திருகிட்டு மறுபடி ஏறேன், கால் என்ன தேஞ்சா போகும்?" என்றான். ஏறலாம், கால் தேயாது. ஆனால் அடுத்த வருஷமும் நான் மேலே நின்று கூப்பிடத்தான் செய்வேன், கீழே யாரும் இருக்க மாட்டார்கள், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது. போகும்போது மெரிடித்தின் புருஷன், அந்தப் பையன், கூரையில் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டான், யாரும் சொல்லாமலே மெரிடித் போய் வால்வுப் பக்கத்தில் நின்றாள். அதைப் பார்த்ததும் சரி என்று சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், வருகிறேன். நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட விடுமுறையில் வந்து அழைத்துக்கொண்டு போ. லாரி எல்லாம் வேண்டாம், கார் போதும், அம்மாவின் தையல் மெஷினும் என் துணியும்தான். வழியில் ராத்திரி ஓட்டாதே, டயரில் காற்றைப் பார்த்துக்கொள், தண்ணீர் நிறைய வைத்துக்கொள். எரிக்கிடம் எனக்காக அறையில் புது ஹீட்டர் வாங்கி வைக்க வேண்டாம் என்று சொல். தேவமாதா உங்கள் இருவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் வீட்டில் சீக்கிரம் ஒரு குழந்தைச் சத்தம் கேட்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே வந்த பிறகும் நான் குளியலறையிலிருந்தோ மாடியிலிருந்தோ உன் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அப்போது பதறி ஓடி வராதே, அம்மா இல்லையே அப்பா என்றும் சொல்லாதே. இருந்த இடத்திலிருந்தே, "என்ன வேணும்?" என்று கேள், போதும்.

இப்படிக்கு உன் அப்பா,
லாடிஸ்லாவ் அர்மெந்தா