நாற்பது வயதில் யார் அண்ணன்?

1958 ஜூன் 9, திங்கள்
இன்றும் காப்பி ஆறிப்போயிற்று. முதல் தம்ளர் மூத்தவனுக்கு என்று அமிர்தவல்லி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். என் மகன் கன்னியப்பனும் அவள் மகன் பலராமனும் அடுப்படியில் மல்லுக்கு நின்றார்கள். இருவருக்கும் நாற்பது வயது. வேலையும் இல்லை, கல்யாணமும் இல்லை. அவளும் நானும் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கையெழுத்திட்டு மணந்து இருபது நாள்தான் ஆகிறது.

ஒரே கயிற்றில் இரண்டு வாளி கட்டினால், ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும். இவர்கள் இரண்டுமே ஏறப் பார்க்கிற வாளிகள்.

ஜூன் 11
"தம்பி, என் செருப்ப எடுத்து வைடா" என்றான் பலராமன். "யாருக்குடா தம்பி?" என்று கன்னியப்பன் அதைக் கூரைமேல் எறிந்தான். பிறகு ஏணிக்குச் சண்டை. எங்கள் நெல்லித்தோப்புத் தெருவே வேடிக்கை பார்த்தது.

ஜூன் 12
அமிர்தவல்லி தன் துணிகளை நீலத் துப்பட்டியில் மூட்டை கட்டிவிட்டாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ள இது தீரலன்னா அரியாங்குப்பத்துக்குத் தங்கச்சி வூட்டுக்குப் போறேங்க. திரும்பி வரமாட்டேன்."
கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

ஜூன் 13
மேரியில் இருவரின் பிறப்புப் பதிவையும் பார்த்து வந்தேன். பலராமன் நான்கு மாதம் மூத்தவன். கன்னியப்பன் கதவுக்குப் பின்னால் நின்று அழுதான்.

கன்னியப்பனின் பதிவு பொய். எழுதவைத்தவன் நான். பிரசவத்தில் அவன் தாய் போனபின் ஆறு மாதம் நான் வெளியே இறங்கவில்லை. பிறகு போய், போன வாரம் பிறந்தான் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் கன்னியப்பனே இரண்டு மாதம் மூத்தவன்.

சொன்னால் அமிர்தவல்லியின் மகனைத் தோற்கடித்தவன் ஆவேனோ? சொல்லாவிட்டால்— வாத்தியாராக இருந்தபோது விடைத்தாளில் கூட்டல் பிழை என்றால் மறுநாளே திருத்திக் கொடுத்தவன்தானே நான்?

ஜூன் 15, ஞாயிறு
சொல்லிவிட்டேன். கன்னியப்பன் குதித்தான். அமிர்தவல்லி மூட்டைமேல் கைவைத்தபடி, "சரி. மூத்தவன்தான் மொதல்ல வேலைக்குப் போவணும். பொண்ணும் ஒனக்குத்தான் மொதல்ல பாக்கணும்" என்றாள்.

அவன் முகம் வெளுத்தது. "பதிவுல இருக்கறதுதாம்மா செல்லும். அவன்தான் அண்ணன்!"
"பெத்தவரே சொல்லிட்டாரு, நீதான் அண்ணே!" என்று பலராமன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

'அம்மா' என்று கன்னியப்பன் அவளை அழைத்தது இதுதான் முதல் முறை. அவளும் கவனித்தாள். உள்ளே போய்விட்டாள். மூட்டை கூடத்திலேயே கிடக்கிறது.

ஜூன் 18
மூட்டை அங்கேயேதான்.

ஜூன் 23, திங்கள்
வேலை கேட்க இருவரும் ஆலைக்குக் கிளம்பினார்கள். கொளுத்தும் வெயில். வீட்டில் இருப்பது ஒரே குடை.
"அண்ணே, நீ புடி."
"நீ புடிடா அண்ணே."
தெருமுனைவரை குடையை விரிக்காமலே போனார்கள்.

உள்ளே வந்து பார்த்தேன். கட்டிலில் நீலத் துப்பட்டி விரித்திருந்தது.