என் பேரில் எழுதிய நோய்

ஓகஸ்ட் 5, செவ்வாய்

கிளினிக்குக்குப் போய் வந்தேன். வழக்கம்போல வாங்கில் இரண்டரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல அந்த ஊழியர் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி "மனநலம்! றுக்கியா!" என்று கூவினார். காது கேளாத கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நோயாளியின் விபரம் இரகசியமாகப் பேணப்படும் என்று சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளுக்குக் கீழே நின்றுதான் கூவுகிறார்.

இருபத்தெட்டு நாளைக்குக் குளிசை தந்தார்கள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணியோடு ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். பதினெட்டு ஏக்கர் தென்னை, பள்ளிவாசல் நிர்வாகசபையில் ஒரு கதிரை, ஹாஜியார் என்ற பட்டம், எல்லாம் உள்ள என் புருஷன் செய்னுலாப்தீன் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதை விழுங்கினார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் வைற்றமின்.

ஓகஸ்ட் 11, திங்கள்

துவக்கு லைசன் புதுப்பிக்க இந்த முறை புதுப் படிவமாம். துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு, மனநல டொக்டரிடம் சான்றிதழ் எடுக்க வேண்டும். வீட்டாரைப் பற்றியும் விசாரிப்பார்களாம். அதுவரை துவக்கு அங்கேதான்.

இவருக்குப் பெரிய அவமானம். "என்ட வாப்பா, வாப்பாட வாப்பா, ஆரையாச்சும் பைத்தியமா எண்டு கேட்டாங்களா?" என்று முற்றத்தில் நடந்துகொண்டே கத்தினார். பன்றி வந்து புதுத் தென்னம்பிள்ளைகளைக் கிண்டிப்போடுகிறதாம். உண்மைதான், கிண்டுகிறது. இந்தத் துவக்கால் இவர் கடைசியாகப் பன்றியைச் சுட்டது எந்த வருடம் என்று பன்றிக்கும் ஞாபகமிராது.

எனக்கு, துவக்கு வீட்டில் இல்லாத முதல் நாள் இன்று. அலுமாரிக்குப் பின்னால் அது சாத்தியிருந்த இடத்தைக் கூட்டித் துடைத்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

ஜபார் வந்து பாடம் சொல்லிக் கொடுக்கிறார். ஜபார் நிர்வாகசபைச் செயலாளர். போன கிழமை சான்றிதழ் எடுத்தவர், ஆகவே நிபுணர். இரண்டு வருடத்துக்கு முன் வேலித் தகராறில் சொந்த மச்சானின் ஆட்டைச் சுட்டவரும் இவர்தான். அவருக்கு மனம் பூரண சுகமாம். எழுத்தில் இருக்கிறது.

"நூறில இருந்து ஏழு?"

"தொண்ணூத்தி மூணு."

"அதில இருந்து ஏழு?"

"எம்பத்தி... எம்பத்தி ஆறு."

"மாஷா அல்லாஹ்! இவ்வளவுதான் ஹாஜியார். பிறகு இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேப்பாங்க."

தேங்காயை வியாபாரிக்கு விற்கும்போது கணக்கு இவ்வளவு மெதுவாக வருவதில்லை. நான் குசினிக்குள் நின்று சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான் யோசித்தேன். நூறிலிருந்து ஏழைக் கழிக்கத் தெரிந்தால் துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களா?

ஓகஸ்ட் 22, வெள்ளி

கொடுத்துவிடுவார்கள் போலத்தான். பாஸ். புத்தளத்தில் ஒரு தனியார் டொக்டர், எட்டு நிமிடம். "முன்பு மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா?" — இல்லை. இவர் பெயரில் கிளினிக் கொப்பி இல்லை, பதிவு இல்லை, எங்கும் எதுவும் இல்லை. ஜும்ஆவுக்குப் போகும்போது சான்றிதழை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஓகஸ்ட் 27, புதன்

தேத்தண்ணிக் கோப்பைகள் கழுவாமல் கிடக்கின்றன. பரவாயில்லை, எழுதுகிறேன்.

வீட்டாரைப் பற்றி விசாரிக்க ஒரு பொலிஸ் சார்ஜனும் கிராம சேவகர் விதானையும் வந்தார்கள். ஜபாரும் கூடவே. இவர் விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார். நான் தேத்தண்ணித் தட்டோடு நிலைவாசலில் நிற்கிறேன். சார்ஜன் படிவத்தைப் பார்த்துக் கேட்டார், "இந்த வீட்டில யாராவது மனநோய்க்கு மருந்து எடுக்கிறாங்களா?"

விதானை கூரையைப் பார்த்தார். ஜபார் செருப்பைப் பார்த்தார். ஊருக்கே தெரியும், நான் மாதா மாதம் எந்தக் கிளினிக்குக்குப் போகிறேன் என்று.

இவர் சொன்னார், என் முகத்துக்கு நேரே — "எனக்கு ஒண்டுமில்ல சேர். பொஞ்சாதிக்குத்தான் தலையில கொஞ்சம் பிழை. தொண்ணூறில மன்னார்ல இருந்து வெளிக்கிட்டு வந்தவதானே. அந்தப் பயம் இன்னும் போகல்ல."

ச்சீ! நாக்குக் கூசல்லயா உங்களுக்கு?

வாய்விட்டுக் கேட்கவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். சார்ஜன் ஒருவர்தான் தேத்தண்ணி குடிக்கவில்லை. பைத்தியக்காரி போட்டது என்று பயந்தாரோ என்னவோ.

ஓகஸ்ட் 28, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சக் காலத்தில் நானே இவர்கள் சொல்வதை நம்பிவிடுவேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் இவர் குளிப்பதை நிறுத்தினார். பிறகு சாப்பிடுவதை. பிறகு கதைப்பதை. ஒருநாள் ளுஹர் தொழுகைக்குப் பிறகு காணவில்லை என்று தேடிப் போனேன். கொப்பறா போடும் கொட்டிலில் சிரட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தார். மடியில் துவக்கு. பன்றி சுடவா வந்தீர்கள் என்று கேட்டேன். "இல்ல," என்றார். அவ்வளவுதான். நான் அதை வாங்கினேன். தரமாட்டேன் என்று சொல்லவில்லை, குழந்தை மாதிரித் தந்தார்.

டொக்டரிடம் வர மாட்டேன் என்றார். ஊர் என்ன சொல்லும், நிர்வாகசபை என்ன சொல்லும், மகள் நிஃப்லாவை யார் கட்டுவார்கள். ஆகவே நான் போனேன். ஒரு மணித்தியாலம் பஸ்ஸில், ஊர்க்காரர் அதிகம் வராத ஆஸ்பத்திரிக்கு. எனக்கு நித்திரை இல்லை, பசி இல்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று அவருடைய நோயை என் வாயால் சொன்னேன். நல்ல நடிப்பு. ஒரு கொப்பி போட்டுத் தந்தார்கள். என் பெயர், என் வயது, அவருடைய நோய். தொண்ணூறில் வந்தவளா என்று கேட்டார்கள், ஓம் என்றேன். பேனையை வைத்துவிட்டார்கள். அதற்குமேல் யாருக்கும் காரணம் தேவைப்படவில்லை. புலிகள் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டிய அன்று, பதினாலு வயதில் ஒரு பையோடு நடந்து வந்தவள் நான். ஒருநாளும் எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. பிடிக்க நேரமிருக்கவில்லை.

குளிசை வேலை செய்தது. மனிதன் எழும்பினார், குளித்தார், நிஃப்லாவைக் குருநாகலில் கட்டிக் கொடுத்தார், ஹஜ்ஜுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கஃபாவுக்கு முன்னால் நின்று எனக்குச் சுகம் கேட்டு துஆச் செய்தார்! எனக்கு!

அப்போதே நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நானும் லேசுப்பட்டவளல்ல.

செப்டம்பர் 2, செவ்வாய்

கிளினிக். இருபத்தெட்டுக் குளிசை.

செப்டம்பர் 8, திங்கள்

விதானை வழி கண்டுபிடித்துவிட்டார். "ஆள வீட்டுப் பட்டியல்ல இருந்து எடுத்திட்டாச் சரி ஹாஜியார். அவட ராத்தா வீட்டில இரிக்கிற எண்டு போடுவம்." புத்திசாலி. நோயாளி வீட்டில் இருந்தால் துவக்குத் தர முடியாது, ஆகவே நோயாளியை அப்புறப்படுத்துகிறார்கள்.

இவர் என்னிடம் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு மாசத்துக்குத்தான், றுக்கியா," என்றார்.

இருபத்தொன்பது வருடம் இந்த வீட்டில் சமைத்திருக்கிறேன். பேனையால் ஒரு கோடு. மிச்சமிருந்த குளிசையைச் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வைற்றமின் எங்கே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பள்ளிவாசல்துறைக்கு வந்துவிட்டேன். என் அக்கா நஃபீஸா ராத்தா ஒன்றும் கேட்காமல் பாய் போட்டுத் தந்தார். காலையில் மீன் கழுவிக்கொண்டே சொன்னார், "உனக்கு ஒண்டுமில்லண்டு எனக்குத் தெரியும். அப்ப ஆருக்கு?"

நான் செதில் சுரண்டினேன்.

செப்டம்பர் 24, புதன்

நிஃப்லா கோல் எடுத்தாள். லைசன் சரியாம். வாப்பாவுக்கு நல்ல சந்தோஷமாம். ஒக்டோபர் இரண்டாந் திகதி துவக்கைப் போய் எடுக்கலாம் என்று கடிதம் வந்திருக்கிறதாம். "நீங்க எப்ப உம்மா, வீட்ட போற?" என்றாள். பன்றியைச் சுட்ட பிறகு என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

இவர் கோல் எடுத்தார். இருபது நாளில் முதல் தடவை.

"அது முடியப் போகுது."

"எது?"

"அதுதான்... வைற்றமின்."

"அந்த வீட்டில றுக்கியா எண்டு ஒருத்தி இல்லையே. இல்லாதவளுக்கு எப்பிடிக் குளிசை தருவாங்க?"

வைத்துவிட்டார். அரை மணித்தியாலம் எனக்குப் பெருநாள் மாதிரி இருந்தது. பிறகு கணக்குப் பார்த்தேன். குளிசை நாளையோடு முடிகிறது. துவக்கு வியாழக்கிழமை வருகிறது. கொட்டிலில் அந்தச் சிரட்டைக் குவியல் இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது.

இவரை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் மௌத்தாகிப் போனால் நான் என்ன செய்வேன்?

செப்டம்பர் 30, செவ்வாய்

டொக்டரிடம் சொல்லிவிட்டேன். சின்னப் பிள்ளை, மட்டக்களப்புப் பக்கம், வந்து இரண்டு வருடம். கொப்பியை மேசையில் வைத்து, இதில் உள்ள நோய் என்னுடையதல்ல, என் புருஷனுடையது என்றேன். முதலில் அதையும் ஒரு நோய்க்குறி என்றுதான் எழுதப் போனாள். பேனையைப் பிடித்துக்கொண்டேன்.

விளங்கியதும் முகம் சிவந்து போயிற்று. "அம்மா, நான் உங்கட முகத்தப் பார்த்துத்தானே அவருக்கு மருந்து கூட்டியும் குறைச்சும் இருக்கிறன்!" அவள் ஏசியதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

துவக்கு வரப் போகிறது, பொலிஸுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். நெற்றியைத் தேய்த்தாள். "அவர நான் கண்டதே இல்ல. அவர் என்ட நோயாளியும் இல்ல. அவருக்கு இஞ்ச கொப்பி இல்லையே அம்மா. எத வச்சிச் சொல்ற? வியாழனுக்கு முதல் நீங்களே சொல்லுங்க. இல்லாட்டி அவரச் சொல்ல வையுங்க."

ஒரு கிழமைக்குக் குளிசை தந்தாள், நிறுத்தினால் ஆபத்து என்று. அடுத்த செவ்வாய் ஆளோடு வரச் சொன்னாள். என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், றுக்கியாவுக்கு மனநோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். ஒன்பது வருடப் பைத்தியம், ஒரு வரியில் சுகம்.

வெளியே கடையில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

ஒக்டோபர் 1, புதன்

யாரையும் கேட்காமல் என் வீட்டுக்கு வந்தேன். மேசையில் பொலிஸ் கடிதம், மேலே கண்ணாடிப் பாரம் வைத்திருந்தது. பக்கத்தில் கொப்பியை வைத்தேன். மட்டையில் என் கையெழுத்தில் அவருடைய முழுப் பெயர்.

"இது என்ன?"

"உங்கட நோய்க்குக் கொப்பி. என்டது முடிஞ்சி."

"என்னப் பைத்தியக்காரனாக்கப் போறியா?"

"ஒம்போது வருஷம் நான் இருந்தேன்தானே? ஒண்டும் தேய்ஞ்சி போகல்ல."

கையை ஓங்கினார். ஓங்கிய கை மேசையில்தான் இறங்கியது. நான் நகரவில்லை. "நாளைக்கி அந்தத் துவக்கு இந்தப் படியேறினா, நான் பின்னாலேயே பொலிஸுக்குப் போவேன். கொட்டில்ல கண்டத அப்பிடியே சொல்லுவேன்," என்றேன்.

கொட்டில் என்ற சொல்லை ஒன்பது வருடத்தில் இன்றுதான் இருவரும் கேட்டோம். கதிரையில் இருந்துவிட்டார். குளிசையை வைத்தேன். முதல்முறையாக அதை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு விழுங்கினார்.

ஒக்டோபர் 2, வியாழன்

வெள்ளைச் சாரம் உடுத்து, அத்தர் பூசி, ஒன்பது மணிக்குப் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அபாயாவைப் போட்டுக்கொண்டு படலையில் நிற்கிறேன்.

ஒக்டோபர் 3, வெள்ளி

நேற்று வெறுங்கையோடு வந்தார். விதானையிடம் போனாராம், என் பெயரைத் திரும்பச் சேர்க்க. துவக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடிதம் மேசையில் இல்லை. கொப்பி இருக்கிறது.

பன்றி மூன்று தென்னம்பிள்ளையைக் கிண்டிவிட்டது. கிண்டட்டும்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

ஆறே முக்கால் பஸ். இரண்டு பேர். கொப்பியைப் பத்திரிகையில் சுற்றிக் கமக்கட்டில் வைத்திருந்தார். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார், தொப்பி இல்லாவிட்டால் ஊருக்கு ஆளை அடையாளம் தெரியாது என்ற நினைப்பு.

முன் இருக்கையில் ஜபார். திரும்பி என்னைக் கண்டதும் குரலைத் தணித்தார், மௌத்து வீட்டில் கதைப்பது போல. "ராத்தாவ கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறீங்களா ஹாஜியார்? பாவம். உங்கட பொறுமைக்கு அல்லாஹ் கூலி தருவான்."

நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவர் சொல்லப்போகும் பதில் எனக்கு மனப்பாடம்.

"இல்ல ஜபார்," என்றார். "அவவுக்கு ஒண்டுமில்ல. நோய் எனக்கு. ஒம்போது வருஷமா எனக்குத்தான்."

பத்திரிகையைப் பிரித்தார். கொப்பியை எடுத்து, பெயர் மேலே தெரிய, மடியில் வைத்துக்கொண்டார்.

முந்தல் சந்தியில் ஜபார் அவசரமாக இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் யாரையாவது நல்லாகத் திட்டி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கிளினிக்கில் கூவுகிற அந்த ஊழியரையாவது. "மனநலம்! செய்னுலாப்தீன்!" என்று இன்றும் மண்டபமே அதிரக் கூவினார். முதல் குரலுக்கே இவர் எழும்பிப் போனார். திட்ட ஒன்றும் வரவில்லை.