கிடா இன்னும் எழவில்லை

அன்புள்ள மந்திரமூர்த்தி அண்ணனுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி மாரிச்செல்வி எழுதுவது. பட்டாளத்துப் பயிற்சியில் உனக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று தினமும் சுடலைமாடனைக் கும்பிட்டுக்கொள்கிறோம். இங்கே சுகம்தான். கரிசல் நனைய ஒரு மழை பெய்து உளுந்து முளைத்துவிட்டது. அங்கே குளிராம், காதை மூடிக்கொண்டு படுக்க வேண்டுமாம், சப்பாத்தி பிடிக்காவிட்டாலும் வயிறு நிறையச் சாப்பிட வேண்டுமாம்.

இதுவரைதான் அம்மா சொன்னது. அவள் கொட்டகைக்குப் போய்விட்டாள், இனி நானாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும் ஐந்து நிமிடமும் அவள் பக்கத்திலேயே நிற்பாள், என்னால் சொல்ல முடியாது. அண்ணே, நீ பட்டாளத்தில் சேர்ந்ததற்காகச் சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட செம்மறிக் கிடா நேற்றுக் காலையிலிருந்து எழவில்லை. வயிறு பானை மாதிரி உப்பியிருக்கிறது, பல்லை நறநறவென்று கடிக்கிறது. போன மாதம் கீரி இரண்டு கோழியைப் பிடித்ததால் மற்ற கோழிகளையும் ஆட்டுக் கொட்டகையிலேயே அடைத்தோம். அதுகள் கிடாவின் முதுகில் ஏறி எச்சமிடும். நேர்ந்துவிட்ட உயிரை அசிங்கம் பண்ணிட்டோம், சாமி குத்தமாயிட்டு, எம் பிள்ளைக்கு ஏதும் ஆயிருமோ என்று அம்மா நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சாமி குத்தம் இல்லை அண்ணே, என் குத்தம். கோழிக்குப் போடும் மக்காச்சோளச் சாக்கை எப்போதும் வீட்டுக்குள் வைத்துவிடுவேன். முந்தாநாள் சாயங்காலம் மழை தூறியதால் கொட்டகையிலேயே வாயைக் கட்டாமல் வைத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் கிடா கயிற்றை அறுத்து, அடியில் கிடந்த சோளத்தையெல்லாம் தின்றிருந்தது. வெறும் சாக்கை விறகுக்குள் ஒளித்தேன். மாட்டு டாக்டர் வந்து என்ன தின்றது என்று கேட்டார். புல்லுதான் என்றாள் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் காய்ச்சலுக்கு ஊசி போட்டுவிட்டு, நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடிதத்தை ஒட்டுமுன் வாசித்துக் காட்டச் சொல்வாள் அம்மா. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது, இதையும் சேர்த்துத் தாளைப் பார்த்து வாசித்துவிடுவேன். இதோ வந்துவிட்டாள்.

வாசித்துவிட்டேன் அண்ணே. அடிப்பாள் என்று நினைத்தேன். ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே, நேத்தே சொல்லியிருந்தா கிடாவும் இந்நேரம் எந்திரிச்சிருக்கும் நானும் கஞ்சி குடிச்சிருப்பேம்லா என்று அழுதாள். உடனே டாக்டருக்குப் போன் போட்டு, நீயே சொல்லுட்டி என்று என் கையில் கொடுத்துவிட்டாள். சொன்னேன். அவர் திட்டினார், ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சங்கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார், அசை போட ஆரம்பித்தால் பயமில்லை, மத்தியானம் வருகிறேன் என்றும் சொன்னார். இரண்டு தடவை புகட்டிவிட்டோம். அம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் எழவில்லை.

தபால்காரர் வரும் நேரம். அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பேசு, என்னிடமும் இரண்டு வார்த்தை பேசு. ஒட்டப்போகும்போது கொட்டகையிலிருந்து அம்மா கத்துகிறாள், ஏட்டி, ஒட்டிராத, கிடா அசை போடுதுன்னு எம்பிள்ளைக்கு எழுது என்று.

இப்படிக்கு,
அம்மா வேலுத்தாய் கைநாட்டு,
எழுதியது மாரிச்செல்வி